ஓய்ந்துபோன எல்லைமணி

துப்பறிவாளர் செந்தூர்வேல் டீயை வாயில் வைப்பதற்குள் பேபி மாடியேறி வந்துவிட்டாள். தருவைகுளத்துக்காரி. காலில் செருப்பில்லை.

"அண்ணாச்சி, எம் புருசன் ரோச்சு வள்ளம் இருபது கிலோமீட்டரத் தாண்டிட்டுன்னு நேத்து கரையில மணி அடிச்சுது. அப்புறம் தானா நின்னுட்டு. எல்லைக்குள்ள வந்துட்டாவன்னு கிட்டத்துலயே தேடுதானுவ. ஆளக் காணோம்."

அந்த மணிக்கு நிரல் எழுதியவன் செந்தூர்வேலின் உதவியாளன் ஷாம். "எவனோ சுவிட்ச அமுக்கியிருக்கான்! கைரேகை எடுப்போமா?" என்று துள்ளினான்.

"முதல்ல வண்டிய எடுலே."

தருவைகுளத்துக் கரையில் மணி இருந்த கொட்டகையில் சுவிட்சின்மேல் உப்பு பொருக்குத் தட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை. "இத யாரும் தொடல" என்றார் செந்தூர்வேல். பக்கத்தில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வள்ளத்தில் பொருத்தியிருந்த கருவிப் பெட்டியிலிருந்து சேதி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் தூரம் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணுக்குப் பதில் மூன்று எழுத்து.

"பெட்டி என்ன அனுப்பும்?"

"தூரத்த மட்டுந்தான். கிழக்கே எத்தனை மீட்டர், தெற்கே எத்தனை மீட்டர்னு வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கும். போன மாசம் பைத்தான்லருந்து சி மொழிக்கு வரிக்கு வரி மாத்தினேன்."

"பைத்தான்ல முழு எண் எவ்வளவு பெருத்தாலும் இடமுண்டு. உன் சி-யில?"

ஷாமின் முகம் வெளிறியது. "முப்பத்திரண்டு பிட்டுதான். நெறஞ்சா... இந்தச் சிப்புல மைனசுக்குப் புரண்டுரும்."

"மைனசுக்கு வர்க்கமூலம் கேட்டா?"

"பைத்தான் பிழைன்னு நின்னுரும். சி நிக்காது. 'எண் அல்ல'ன்னு ஒரு விடையக் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கும். திரையில நிக்குத மூணு எழுத்து அதான், NaN."

"எண்ணே இல்லாதது இருபதவிடப் பெருசான்னு கேட்டா?"

"இல்லன்னுதான் சொல்லும்..."

"அதான் மணி ஓஞ்சுது. வள்ளம் கிட்ட வரல, ரொம்பத் தூரம் போயிட்டு."

"ஐயோ, மாதாவே!" பேபி தூணைப் பிடித்தாள்.

"பதறாத தாயி. முப்பத்திரண்டு பிட்டுன்னா நாப்பத்தாறு கிலோமீட்டர் தாண்டினாத்தான் கணக்கு புரளும். அறுபத்தஞ்சத் தாண்டினா மறுபடி எண் வந்துரும். இன்னும் வரல. அந்த இடைவெளியிலதான் கெடக்கான். வாடைக்காத்து தெக்கதான் தள்ளியிருக்கும். ஏலே ஷாம், படகுகளத் தெக்க திருப்பச் சொல்லு!"

மதியம் வயர்லெஸ் கரகரத்தது. குலசேகரன்பட்டினத்துக்குக் கிழக்கே வள்ளம் அகப்பட்டிருந்தது.

"ஏளா பேபி, இன்ஜின் போச்சு. நான் நல்லாருக்கேன்."

"இன்ஜின் கெடக்கட்டும். சாப்பிட்டியளா?"

"இவனுவ வாழப்பழம் தந்தானுவ."

"தின்னுட்டு வாங்க. மிச்சத்த வீட்டுல வச்சுப் பேசிக்கிடுதேன்" என்றாள் பேபி.