நூறு நாள் சட்டை

பதினைந்து கிலோ அரிசியைத் தலையணை உறையில் கட்டி, இடது தோளில் சாய்த்துக்கொண்டு, பரஞ்சோதி பால்கனியில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். நான்கு வயதுப் பெண்குழந்தை ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்தார். குழந்தையின் தலை படவேண்டிய இடத்தில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். தூங்குகிற பிள்ளைக்கு எச்சில் வழியாமல் இருக்குமா? அவர் போட்டிருந்த வெளிர்நீல அரைக்கைச் சட்டைக்கு அன்று அறுபத்திரண்டாவது நாள்.

பரஞ்சோதி ஓர் உடுப்பாளர். சினிமாவில் நடிகர்கள் ஒழிந்து நிழல்நடிகர்கள் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. முகம், குரல், கண்ணீர் எல்லாவற்றையும் இயந்திரம் நொடியில் வரைந்து தள்ளியது. துணியில்தான் மாட்டிக்கொண்டது. நிழல்நடிகன் எவ்வளவு உருகி அழுதாலும், அவன் சட்டை அப்போதுதான் கடையிலிருந்து வந்தது மாதிரி இருந்தால் ரசிகன் கொட்டாவி விட்டான்.

அதற்காக வந்ததுதான் இழைவாசிப்பான். ஒருவர் நூறு நாள் உடுத்திய துணியை அதற்குள் விரித்துவிட்டால் போதும். எந்த நூல் எந்தப் பக்கம் தேய்ந்தது, எந்த மடிப்பு எதனால் விழுந்தது என்று இழை இழையாகப் படிக்கும். இந்தத் துணியை உடுத்தியவன் எப்படி நடப்பான், எதற்குக் கோபப்படுவான், யாருக்காகப் பயப்படுவான் என்பதையெல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொண்டு, கதையையும் தானே கட்டிவிடும். அது வந்தபிறகு கதாசிரியர்களும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். துணி தைக்கும் காஸ்ட்யூமர்களும், அதை நூறு நாள் உடுத்திக் கொடுக்கும் உடுப்பாளர்களும் மட்டும் மிஞ்சினார்கள்.

இந்தச் சட்டையின் காஸ்ட்யூமர் மெஹருன்னிசா. சாலிகிராமத்துத் தையல்கூடத்தில் வைத்து அதைக் கையில் கொடுத்தபோது விவரமாகவே சொல்லியிருந்தாள்.

“ஸ்கூல் வேன் ஓட்டுறவரு சார். சந்தோஷமான குடும்பம். காலர் அரை இன்ச் பெருசா இருக்கும். ஏன்னா அவரு சைஸ் தெரியாம பொண்டாட்டி ஆசையா வாங்கினது. பாக்கெட்ட ஆழமா வெச்சிருக்கேன், பொண்ணு கிரேயான் எல்லாம் அதுலதான் போடுவா. கடைசி பட்டன் மட்டும் லூசு. சீக்கிரமே விழுந்துடும். விழுந்தா வீட்ல குடுத்துத் தெச்சுக்கங்க.”

“சரிங்க மேடம்.”

வீட்டில் யார் இருக்கிறார்கள், தைத்துக் கொடுக்க? படத்துக்கான படிவத்தில் ‘மனைவி, ஒரு மகள்’ என்று அவர் எழுதியது பச்சைப் பொய். தனியாட்களுக்குத் திருடன், குடிகாரன், அநாதைப் பிணம் என்று இந்த மாதிரி வேடங்களின் துணிதான் வரும். நாற்பத்தாறு வயதில் ஒரு தடவையாவது யாருக்கோ அப்பாவாக உடுத்திப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அகப்பட்டால் அன்றோடு வேலை போய்விடும்.

அதனால் விழுந்து விழுந்து உழைத்தார். பிள்ளை பிடித்து இழுப்பதுபோல் சட்டையின் ஓரத்தைத் தானே இழுத்துவிட்டார். பொத்தான் விழுந்ததும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தானே தைத்தார். எண்பதாம் நாள் வாக்கில் ஒன்றைக் கவனித்தார்: அரிசிப் பையைக் கட்டிலில் இறக்கும்போது, சத்தம் வராமல், எழுப்பிவிடாதபடி இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் அரிசி தீர்ந்தபோது கடைக்குப் போய் வேறு வாங்கி வந்தாரே தவிர, அந்தப் பையைப் பிரிக்க மனம் வரவில்லை.

வாசிப்பு நாளன்று தையல்கூடத்துத் திரைக்கு முன்னால் மெஹருன்னிசாவும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சட்டை உள்ளே போயிற்று. அதோடு ஓர் அரக்குநிறப் புடவையும் போயிற்று. படத்து மனைவிக்காக எங்கோ ஒரு பெண்மணி நூறு நாள் உடுத்தி அனுப்பியது. உடுப்பாளர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக்கூடாது என்பது விதி. குழந்தைக்குத் தனித் துணி கிடையாது. பெற்றவர்கள் துணியில் பதிந்த தடங்களிலிருந்தே பிள்ளை பிறந்துவிடும் என்று ஏற்பாடு.

திரை விழித்தது. நீலச் சட்டை போட்ட ஒருவன் வீட்டுக்குள் வந்தான். அவன் தோளில் குழந்தை இல்லை, ஒரு மூட்டை இருந்தது. அதை மெதுவாகக் கட்டிலில் இறக்கிப் போர்த்திவிட்டு, குனிந்து தன் சட்டையைத் தானே இழுத்தான். “இருடா கண்ணு, வரேன்” என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னான்.

பரஞ்சோதிக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

“மேடம், மன்னிச்சிடுங்க. ஃபாரத்துல பொய் எழுதிட்டேன். எனக்கு யாரும் இல்ல.”

மெஹருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்க மட்டுமா சார் எழுதியிருக்கீங்க? அங்க பாருங்க.”

அதே வீட்டின் சமையலறையில் அரக்குப் புடவை கட்டிய ஒருத்தி இரண்டு தட்டு போட்டு, ஒன்றில் மட்டும் சாப்பிட்டாள். கறையே படாத மற்றத் தட்டை முந்தானையால் துடைத்து எடுத்து வைத்தாள். படம் முழுக்க இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் படவே இல்லை.

“அவங்க யாரு மேடம்?”

“எனக்கே தெரியாது சார். துணி கொண்டுபோற தானியங்கிப் பெட்டிக்குத்தான் விலாசம் தெரியும்.”

சந்தோஷமான குடும்பப் படம் கேட்ட நிறுவனம், இந்தப் படத்தைத் தயங்கித் தயங்கித்தான் வெளியிட்டது. ஊரே அழுதது. தனித்தனி அறையில், தனித்தனித் திரையில் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். பரஞ்சோதியை யாரும் வெளியே அனுப்பவில்லை. மாறாக விதியைத்தான் மாற்றினார்கள். இனிமேல் தனியாக வாழ்பவர்கள் மட்டுமே உடுப்பாளர் ஆகலாம். துணியில் இன்னொருவர் கை படக்கூடாது.

அடுத்த படத்துக்கான படிவத்தில் ‘தனியாள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இம்முறை சத்தியமான வார்த்தை. மெஹருன்னிசா வேறொரு நீலச் சட்டையைக் கொடுத்தாள். கடைசிப் பொத்தான் லூசாக இல்லை. குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தைத்து, அடியில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. நூல் அரக்கு நிறம்.

“அந்தம்மாவுக்கு அடுத்த புடவை போன பெட்டியில இந்தச் சட்டையும் தவறிப் போயிடுச்சு சார்,” என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். “திரும்பி வந்தப்போ இப்படி இருந்துச்சு. வேணாம்னா பிரிச்சிடுங்க. ரூல் அப்படி.”

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தார். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

நூறு நாளும் அந்த ஒரு பொத்தானை மட்டும் அவர் கழற்றவில்லை. நூல் நைந்துவிடுமோ என்று பயம். சட்டையைத் தலைவழியாகவே போட்டு, தலைவழியாகவே எடுத்தார். சாப்பிடும்போதும், மழை பார்க்கும்போதும் கட்டைவிரல் தானாக அங்கே போய் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் வரவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை.

சட்டையைக் கொடுத்த நாலாம் நாள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது.

‘இழைவாசிப்பானின் முடிவுப்படி, இச்சட்டையை உடுத்தியவர் தனியாள் அல்லர். அவருடன் வீட்டில் ஒருவர் வசிக்கிறார். அவருக்காகவே இவர் உடுத்தியிருக்கிறார். பொய்யான உறுதிமொழி அளித்த காரணத்தால் உங்கள் பெயர் உடுப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.’

பரஞ்சோதி அதை மூன்று தடவை படித்தார். வேலை போன வருத்தம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. நாற்காலியில் உட்காரவைத்திருந்த அரிசிப் பையின் பக்கம் திரும்பி, கடிதத்தை அதற்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

“கேட்டியா? நம்ம வீட்ல ஆள் இருக்காம்.”