கல்யாணத்தின் இரண்டாவது பிளேட்

1957, ஆவணி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபது.

தாலி கட்டி முடிந்து மணமக்கள் எழுந்த பிறகுதான் அது தெரியவந்தது. மணப்பெண்ணின் கழுத்தில் புதுத் தாலி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட சிவப்புக்கல் அட்டிகை இல்லை.

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் சென்னியப்பக் கவுண்டர் வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். மணவறைப் பலகையைப் புரட்டினார்கள். பாயை உதறினார்கள், பூவையெல்லாம் அரித்துப் பார்த்தார்கள். அட்டிகை கிடைக்கவில்லை.

போட்டோக்காரர் சிக்கந்தர் ஒரு மூலையில் காமிராவை மடக்கிக்கொண்டிருந்தார். பாலக்காட்டில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். சித்தூருக்குக் கிழக்கே கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணப் படத்துக்கென்று அவர் சில முறைகள் வைத்திருந்தார். முதல் நாளே போய் மணவறையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துவிடுவார். தாலி கட்டும் கணம் இரண்டாம் தடவை வராது என்பதால், அதற்குச் சற்று முன்பே அதே இடத்திலிருந்து முன்ஜாக்கிரதையாகக் கண்ணாடிப் பிளேட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். அன்று மழை மூட்டம், வீட்டுக்குள் இருட்டு. பளீரென்று எரியும் வெளிச்ச மருந்தைத் தட்டில் கொட்டிக் கொளுத்தித்தான் படம் எடுக்க வேண்டியிருந்தது. கொளுத்தப்போகும் நேரத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

முதல் தடவை மருந்து எரிந்தபோது கூட்டமே அலறிவிட்டது. அரை நிமிஷத்துக்கு யாருக்கும் கண் தெரியவில்லை. இரண்டாம் தடவை தாலி ஏறும் நேரம். வெளிச்சமும் புகையும் கெட்டிமேளமும் ஒன்றாக எழுந்தன.

ஒன்பது மணிக்கு ஏட்டு மரியஜோசப் வந்து சேர்ந்தார். மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டே பேர். நாத்தனார் முறைக்குத் தாலி முடிச்சுப் போட நின்ற மாப்பிள்ளையின் அக்கா கமலாத்தாள் ஒருத்தி. விளக்குப் பிடித்து நின்ற பண்ணையத்து வேலைக்காரி வள்ளியாத்தாள் இன்னொருத்தி. கமலாத்தாள் வீட்டுப் பெண் என்பதால் ஏட்டு அவளிடம் பேச்சுக்கு இரண்டு வார்த்தை கேட்டதோடு விட்டார். வெளிச்சத்தில் தனக்கும் கண் தெரியவில்லை என்றாள் அவள். ஏட்டு வள்ளியாத்தாளிடம் திரும்பினார்.

"நகை போனதை நீ பாக்கலை?"

"இல்லீங்க சாமி."

"கைக்கெட்டற தூரத்துல நின்னுட்டு?"

"அந்த வெளிச்சத்துக்கப்பறம் எனக்குக் கண்ணே தெரியலைங்க."

யாரோ சிரித்தார்கள். பதினொரு மணிக்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிக்கந்தருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் மறுநாள் கொல்லங்கோட்டில் அவருக்கு வேறொரு கல்யாணம் இருந்தது; போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருட்டறையில் பிளேட்டுகளைக் கழுவினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். புதன்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டார்.

பத்து மணிக்குக் கவுண்டர் வீட்டை அடைந்தபோது வாசலில் போலீஸ் சைக்கிள் நின்றது. வாசலில் நின்றவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். சோதித்ததில் எதுவும் அகப்படாததால் திங்கட்கிழமை சாயங்காலமே வள்ளியாத்தாளை விட்டுவிட்டார்களாம். ஊரில் ஒரு வீட்டிலும் அவளை வாசல் ஏற விடவில்லை. செவ்வாய் விடிந்ததும் தோட்டத்துக் கிணற்றில் மிதந்தாளாம்.

பிளேட்டை ஞாயிற்றுக்கிழமையே கழுவியிருந்தால் என்று நினைத்தார் சிக்கந்தர். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு உள்ளே போய், கமலாத்தாளையும் கூப்பிடச் சொல்லி, பிளேட்டுகளை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"கவுண்டரே, இது முதல் பிளேட்டு. அட்டிகை தொண்டைக்குழிக்கு மேலே, கழுத்தை ஒட்டி இருக்கு. இது ரெண்டாவது. ரெண்டு விரக்கடை கீழே இறங்கி இருக்கு. பின்னாடி கயிறு அவிழ்ந்தா ஒழிய அட்டிகை இறங்காது. அதாவது, நான் ரெண்டாந்தடவை மருந்து கொளுத்தறதுக்கு முன்னாடியே கயிறு அவிழ்ந்தாச்சு."

"அந்தச் சிறுக்கி அவுத்திருப்பா," என்றார் கவுண்டர்.

"அவளோட ரெண்டு கையும் விளக்கைப் பிடிச்சிருக்கு, பாருங்க. பொண்ணோட பிடரியில இருக்கறது உங்க மகளோட கை."

அங்கே உட்கார்ந்திருந்த ஏட்டு எழுந்து வந்தார். கயிறு தானாக நழுவியிருக்கலாம் அல்லவா என்றும், அத்தனை பேர் நடுவே ஒருத்தி எப்படி எடுக்க முடியும் என்றும் கேட்டார்.

"அத்தனை பேருக்கும் கண்ணு அவிஞ்சு போன நேரத்துல. வள்ளியாத்தாள் சொன்னது நிஜம். இந்த ரெண்டாவது பிளேட்டுல அவ கண்ணு முழுசாத் திறந்திருக்கு. இதுல இருக்கற எல்லாருக்கும் அப்படித்தான். எல்லாரும் தாலியைப் பாக்கறாங்க. ஒருத்தங்க மட்டும் என் கையிலிருந்த மருந்துத் தட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடியிருக்காங்க. இமை மூடற வேகத்தைவிட மருந்து வேகமா எரியும். படத்துல கண்ணு மூடியிருந்தா, வெளிச்சத்துக்கு முன்னாடியே மூடினதுன்னு அர்த்தம். முடிச்சுப் போடறவங்க முடிச்சைத்தானே பாக்கணும்? என் கை உயர்றதுக்காகக் காத்திருந்திருக்காங்க. முதல் தடவை மருந்து எரிஞ்சப்பவே அது என்ன செய்யும்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. எல்லாரும் கண்ணைக் கசக்கிட்டு நின்னப்ப, அவங்க ஒருத்தருக்குத்தான் கண்ணு தெரிஞ்சுது."

ஏட்டு குனிந்து பிளேட்டைப் பார்த்தார். பிறகு கமலாத்தாளைப் பார்த்தார்.

அவள் மறுத்துப் பேசவில்லை. அந்த அட்டிகை அம்மா சாகும்போது தன் கையில் கொடுத்தது என்றாள். புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்டபின், இந்த வீட்டில் தனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மருமகளுக்குப் போட அப்பா அதையும் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வள்ளியைப் புடிப்பாங்கன்னு நான் நெனைக்கலைங்க," என்று சொல்லி நிறுத்தினாள். "புடிச்சப்பறம் நான் வாயத் தொறக்கவும் இல்லை."

கவுண்டர் மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சிக்கந்தரின் கையிலிருந்த இரண்டு பிளேட்டையும் மெதுவாக வாங்கி, ஆட்டுக்கல்லின் விளிம்பில் ஒவ்வொன்றாகத் தட்டினார். கண்ணாடி சில்லுச் சில்லாக விழுந்தது. ஏட்டு அந்த நேரத்தில் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கூறைச் சேலை மடிப்புல அட்டிகை இருந்துச்சுன்னு எழுதிருங்க ஏட்டய்யா," என்றார் கவுண்டர். "தொலையாத சாமானுக்குத் திருடன் ஏது?"

"அப்ப கெணத்துல மிதந்தவ?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"தண்ணி சேந்தப் போனா. கால் வழுக்கிருச்சு. பாய், நீங்க நல்ல மனுசன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சிக்கந்தர் பஸ்ஸுக்குப் போகவில்லை. வரப்பு வழியாக நடந்து வள்ளியாத்தாளின் குடிசைக்குப் போனார். அவள் புருஷன் குப்பண்ணன் ஈரத் துண்டோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். சிக்கந்தர் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னார். பிளேட் உடைந்ததையும் மறைக்கவில்லை.

"அவ எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றான் குப்பண்ணன். "எங்கிட்டச் சொல்லி என்னங்க. ஊருல சொல்லுங்க."

சொல்வதென்று தீர்மானித்துக்கொண்டுதான் சிக்கந்தர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார். மணி பன்னிரண்டரை. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"கேட்டீங்களா பாய், கவுண்டரூட்டு அட்டிகை தொலையவே இல்லீங்களாம். சேலை மடிப்புல இருந்துச்சாம்."

"அப்படின்னா அந்தப் பொம்பளை?"

கடைக்காரர் அடுத்த கிளாஸுக்கு டீயை ஆற்றினார்.

"அதானுங்களே. வேற என்னத்தையோ எடுத்திருப்பா போல. இல்லாட்டி எதுக்குங்க கெணத்துல உழுவா?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிக்கந்தர் சொன்னார். முதலிலிருந்து கடைசிவரை, பொறுமையாக, இரண்டு தடவை சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அந்தப் படத்தைக் காட்டுங்கள் என்றார்.