அணைத்த உலை

பிரேக்கரை இறக்கிப் பூட்டி, சாவியையும் எடுத்துவிட்ட பிறகு உலையின் ரீங்காரம் கேட்கக் கூடாது. கேட்டது. செய்யூர்ச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்த இரும்பு உருக்காலையில் விஷாகா ஷிஃப்ட் பொறியாளர். பீக் ஹவரில் மின்சாரத்துக்கு விலை கூடும் என்பதால் ஊர் விளக்கேற்றும் நேரத்தில் தினமும் உலையை அணைப்பது அவள் வேலை, அணைந்ததும் சுட்ட மண்ணின் வாடையும் தோப்புக் காற்றின் இரைச்சலும் மட்டும் மிஞ்சும். இன்று காற்றையும் மீறி அந்த ரீங்காரம், தொண்டைக்குள் அடக்கிய உறுமலாக, தரை வழியே அவள் பாதத்தில் ஏறியது.

நேற்று மாலையே அணைத்து ஆறவிட்ட காலி உலைக்குள் லோகு இருந்தான். உள்சுவருக்குப் புது மண் பூசி, மரக்கட்டையால் இடித்துக்கொண்டிருந்தான்.

“மேடம், லைன ஆஃப் பண்ணீங்களா இல்லியா?” உலைவாயிலிருந்து குரல் வந்தது.

“பூட்டிட்டேன் லோகு. சாவி என் கையில.”

“அப்ப ஏணி ஏன் சுடுது? தோச வாக்கலாம் போல கீது.”

உலைக்குப் போகும் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரைப் பார்த்தாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஆலை முழுவதற்குமான மெயினை இறக்கினாள். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாம் செத்தன. ரீங்காரம் தடித்தது. ஜன்னலுக்கு வெளியே செய்யூர் விளக்குகள் மங்கி அணைந்தன. பிறகு கடலோரக் குப்பங்கள். ஒவ்வொன்றாக.

“ஏணில கை வெக்க முடியல மேடம்.”

“தொடாத. நடுவுல நில்லு. இது இரும்பத்தான் காய வைக்கும், ஆள ஒண்ணும் பண்ணாது. கயிறு எடுத்தாறேன்.”

அது பொய்யில்லை. அந்த உலையின் மின்சுருள், உள்ளே இருக்கும் உலோகத்தை மட்டுமே சூடாக்கும்.

இடிக்கும் சத்தம் நின்றது.

“மேடம்.” குரல் சின்னதாகியிருந்தது. “பைக்ல வுழுந்தப்ப தொடைல ஸ்டீல் ராடு வெச்சாங்க. சொன்னா வேல தரமாட்டீங்கன்னு சொல்லல.”

இருட்டில் உலைவாயைச் சுற்றிய மேடைக்கு ஓடினாள். கயிற்றை உள்ளே வீசினாள்.

“புடிச்சிட்டியா?”

உலைவாயில் குனிந்தாள்.

கருகல் வாடை. மண்ணுடையது அல்ல.

கயிறு இறுகியது. இழுத்தாள். கனமே இல்லை.

உலைவாயின் விளிம்பில் செக்கச்சிவந்த கோடு ஒன்று எழுந்தது. தொடை நீளம். நேராக நின்றது. விளிம்பைத் தாண்டி மேடையில் இறங்கியது. ஓர் அடி. ஓர் இழுப்பு. ஓர் அடி. அவளை நோக்கி.

அதைச் சுற்றி லோகு இல்லை.