எண்பத்தேழாம் இலக்க வாசகி

முகத்தைப் பார்த்தே ஒருவருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன் எனப் போன வருடம் வரை நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பீற்றல்தான், வேறென்ன. சிபாரிசு செய்த புத்தகங்களில் பாதியை நான் வாசித்ததே இல்லை. முன்னுரை, முதல் பக்கம், கடைசிப் பக்கம். இந்த மூன்றையும் மேய்ந்துவிட்டு, ஆகா ஓகோ என்று அளப்பேன். அந்த அளப்பின் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

என் பெயர் கிளெமென்ற். 1937 ஜூன் மாதம், விடாத மழையில், கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய வாசிகசாலையின் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். ஒல்லாந்தர் காலத்து வீடு. கீழே அரிசிக் கிட்டங்கி, மேலே நாங்கள். படியேறும்போது அரிசி மூட்டையின் மணம் வரும். மேலே வந்தால் ஈரக் காகித மணம். சாவியைத் தந்தவர் செயலாளர் நமசிவாயம். நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் வழக்குப் பார்க்கும் ஒரு பிறக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார்.

அவர் எனக்கு இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று கந்தகப் பெட்டி. சயரோகம் என்ற காசநோயோ அம்மையோ உள்ள வீடுகளின் பட்டியலை சுகாதார இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை தோறும் அனுப்புவார். அந்த வீடுகளிலிருந்து திரும்பி வரும் புத்தகங்களை, தகரம் அடித்த ஒரு பெட்டியில் கந்தகப் புகைக்குள் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் மறுபடி அடுக்கவேண்டும். மற்றது வியாழக்கிழமை. அன்று இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை பெண்களுக்கு மட்டும்.

எனக்கு முன்னிருந்தவர் கொன்ஸ்ரன்ஸ் என்ற பெண். அதனால் முன்பு அதில் சிக்கல் இருக்கவில்லை. ஓர் ஆண் வந்து உட்கார்ந்ததும் பெண்கள், குறிப்பாகச் சோனகத் தெருப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள், வருவதை நிறுத்திவிட்டார்கள். கமிற்றி கூடிப் பேசி என் மேசைக்கு முன்னால் நீலத் துணியில் ஒரு திரை போட்டது. திரைக்கும் மேசைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் புத்தகம் வரும், புத்தகம் போகும். அந்நிய ஆணிடம் பெயர் சொல்லத் தேவையில்லை, வாசகர் இலக்கத்தைச் சொன்னால் போதும். நான் அந்த இலக்கத்தைப் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள சீட்டில் எழுதிக் கொடுப்பேன்.

முகம் போனால் என்ன, கை இருக்கிறதே என்று எனக்குள் ஒரு மிதப்பு. மஞ்சள் பிடித்த நகம் என்றால் குடும்பக் கதை. தடித்த வளையல் என்றால் பக்திக் கதை. இப்படியாகப் பிழைப்பு ஓடியது. பெண்களும் மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்த கை நஸீறாவினுடையது. அவளுடைய மாமி ஜவாஹிறா ஒருநாள் வாய்தவறி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் தெரியும். பதினாறு வயது. பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களாம். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் வீட்டுக்கு வெளியே இருந்தாள். வாங்கிய புத்தகத்தை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, மருதாணி போட்ட விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு அடுத்ததற்கு நிற்பாள். இலக்கம் நூற்று நாற்பத்திரண்டு.

மற்றவள் ஓகஸ்ட் மாதம் வந்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துப் பேனாவை மூடியபோது திரைக்குக் கீழே ஒரு கை இருந்தது. மெலிந்த கை. நடுவிரலில் மைக்கறை, ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளை. நகங்கள் மட்டும் ஒரு மாதிரி நீலம் பாரித்திருந்தன. படியில் காலடிச் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"எண்பத்தேழு," என்றது குரல். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "நான் என்னத்தை வாசிக்கலாம்?"

ஒரு கதைப் புத்தகத்தைத் தள்ளினேன். மிக அருமையானது என்று சொன்னேன்.

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

ஓம் என்றேன். புத்தகம் திரைக்கு அப்பால் மெதுவாக நகர்ந்து போனது.

அடுத்த வியாழன் அதே நேரத்துக்குப் புத்தகம் திரும்பி வந்தது. ஓரங்கள் ஈரமாக இருந்தன. விரித்தால் குப்பென்று கந்தக நெடி அடித்தது. அங்கேதான் நான் பிழை விட்டேன். யாரோ நோய் வருத்தமுள்ளவரின் வீடு, பொறுப்பான மனிதர்கள், தாங்களே புகை போட்டு அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். பிறகு நான் எதற்குப் பெட்டியில் வைக்கவேண்டும்? அப்படியே துடைத்து எடுத்து வைத்தேன். அடுத்த கிழமை நஸீறா வந்தபோது, உம்மைப் போல ஒரு பிள்ளைக்கு இது நன்றாகப் பிடித்திருந்தது என்று சொல்லி அவளிடமே கொடுத்தேன். அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எண்பத்தேழு வாசித்ததை நூற்று நாற்பத்திரண்டு வாசிக்கும். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு இலக்கமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒருவரையொருவர் பாராத இரண்டு பிள்ளைகளைச் சிநேகிதிகள் ஆக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் வாசிச்சனீங்களோ என்று கேட்கும். ஒவ்வொரு தடவையும் நான் ஓம் என்பேன்.

ஒக்ரோபரில் நஸீறா திரைக்கு அப்பால் இருமினாள்.

மழைக் காலம்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் இருமினாள். மருதாணி மங்கிய விரல்களில் எலும்பு தெரிந்தது. நாலாவது வாரம் அவள் வரவில்லை. ஜவாஹிறா மட்டும் வந்து புத்தகத்தை வைத்தார்.

"புள்ளக்கி இருமல் உடுதே இல்ல மாஸ்டர்," என்றார். "இரத்தமும் வருது. டொக்டர் நெஞ்சில வருத்தம் எண்டு சொல்றாரு. எங்கட வீட்டுல ஒத்தருக்கும் இது இல்லயே. எங்க இருந்து புடிச்சிச்சோ."

அவர் போன பிறகு அந்தப் புத்தகத்தின் சீட்டைப் பார்த்தேன். எண்பத்தேழு. நூற்று நாற்பத்திரண்டு. வேறு யாரும் இல்லை.

இன்ஸ்பெக்டரின் பட்டியல்களை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினேன். எண்பத்தேழின் விலாசம் வேண்டியிருந்தது. வாசகர் பதிவேட்டை அன்றைக்குத்தான் முதன்முதலில் திறந்தேன். இலக்கத்தை மட்டும் எழுதிப் பழகியவனுக்கு அதுவரை அது தேவைப்படவில்லை.

எண்பத்தேழு. நேசமலர். வயது பதினைந்து.

பெயரின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 1935 செப்ரெம்பரில் ஒரு திகதி, 'காலமானார்' என்ற சொல். அதற்குக் கீழே வேறு மையில், கொன்ஸ்ரன்ஸின் சரிந்த எழுத்தில்: 'கேட்டால், இல்லை என்று சொல்லவும்.'

படியிறங்கி மழையில் நனைந்துகொண்டே புதுக்கடைக்குப் போனேன். நமசிவாயம் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். இலக்கத்தைச் சொன்னதும் அவருடைய பேனா நின்றது.

"அந்தப் பிள்ளை இன்னும் வாறவளோ?" என்று கேட்டார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. நேசமலர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். கூடப்பிறந்தவர்கள் இல்லை, சிநேகிதம் இல்லை, புத்தகம்தான். மூன்று பாகக் கதை ஒன்றின் கடைசிப் பாகம் சயரோகமுள்ள ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று, பிள்ளை அதற்காக வாசலில் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு நாள் பொறுக்கச் சொல்ல மனம் வராமல், புகை போடாமலே கொன்ஸ்ரன்ஸ் கொடுத்துவிட்டாள். அதை முடிக்காமலே பிள்ளை செத்துப்போனாள். அந்தப் பாகத்தை நமசிவாயம் தன் கையால் முற்றத்தில் போட்டு எரித்தார். ஒன்றரை வருடம் கழித்து கொன்ஸ்ரன்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். வியாழக்கிழமைகளில் இனி இருக்க ஏலாது என்று மட்டும் சொன்னாளாம்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீர் வந்திருப்பீரோ என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புத்தகத்தை நஸீறாவின் கையில் கொடுத்தது நான்.

அடுத்த வியாழன் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நஸீறாவை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஜவாஹிறா சொல்லிவிட்டுப் போனார். மூன்றரைக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. கீழே மூட்டை இறக்கும் சத்தமும் நின்றுவிட்டது.

கந்தக நெடி முதலில் வந்தது.

பிறகு கை.

"அவள் வரேல்லையோ?"

வரமாட்டாள் என்றேன்.

"அப்ப நான் ஆரோட வாசிக்கிறது?"

அந்தக் கேள்வியில் கோபமில்லை, அதுதான் என்னை உலுக்கியது. தனியாக விடப்பட்ட ஒரு பிள்ளையின் குரல். இல்லை என்று சொல்லவும் என்று கொன்ஸ்ரன்ஸ் எழுதியிருந்தாள். சொல்ல வாயெடுத்தேன். அவளும் சொல்லித்தானே பார்த்திருப்பாள்? இந்தக் கை இங்கிருந்து போய் நஸீறாவைத் தேடினால்?

"என்னோட வாசியும்," என்றேன். "அவளை விட்டுவிடும்."

நீலம் பாரித்த விரல் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"நீங்கள்தான் வாசிக்கிறேல்லையே."

அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

இனி வாசிப்பேன் என்றேன். எதை என்று நீரே சொல்லும் என்றேன். அதுவரை எந்த வாசகரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. கை பின்னால் போனது. திரும்பி வந்தபோது ஒரு புத்தகத்தைத் தள்ளியது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. மூன்றாம் பாகம்.

பின்னட்டைச் சீட்டில் கடைசி இலக்கம் எண்பத்தேழு. அதன் கீழே நான் கிளெமென்ற் என்று எழுதினேன்.

முந்நூற்றுத் தொண்ணூறு பக்கம். எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு தீர்மானம் செய்தேன். நாளுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. வாசித்து முடியும்வரை அவள் வேறு துணை தேடமாட்டாள் என்பது என் கணக்கு. நத்தார் பண்டிகையன்றும் ஒரு பக்கம், காய்ச்சலில் கிடந்த அன்றும் ஒரு பக்கம். சில நாட்களில் வாசிக்கும்போது தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடச் சிரமப்படுவது போல இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கும் வருத்தம் தொற்றும் என்று காத்திருந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. வியாழக்கிழமைகளில் அந்தக் கையும் வரவில்லை.

நஸீறா தேறிவிட்டாள். இந்த வருடம் நவம்பர் கடைசியில், சரியாக ஒரு வருடம் கழித்து, வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கோயிலுக்குப் போய் அழுதேன். வியாழக்கிழமை மட்டும் அவளை இங்கே கூட்டிவரவேண்டாம் என்று ஜவாஹிறாவிடம் கெஞ்சினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் புத்தகத்தை நினைத்துத்தானே பிள்ளை உயிர் பிழைத்தாள் என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். பெண்களுக்கான வியாழக்கிழமையையே நிறுத்திவிடுங்கள் என்று கமிற்றியிடமும் கேட்டேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

கடைசியில் பதிவேட்டை எடுத்து, நூற்று நாற்பத்திரண்டுக்கு எதிரே நானும் அதே வசனத்தை எழுதினேன். 'கேட்டால், இல்லை என்று சொல்லவும்.' அவளுக்கு இருந்த ஒரேயொரு சாளரத்தை என் கையால் பூட்டினேன். ஆனால் பிள்ளை உயிரோடிருந்தால் போதும்.

நேற்று, புதன்கிழமை இரவு, முந்நூற்று எழுபத்தைந்தாம் பக்கத்தில் அடையாளத் தாளை வைத்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை அது கடைசிப் பக்கத்தில் இருந்தது.

பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. மூன்றரை மணிக்குத் திரைக்குக் கீழே ஒரு கை வந்தது. சதை பிடித்த கை, புது மருதாணி, மேசையைத் தட்டும் விரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நூத்தி நாப்பத்திரெண்டு," என்றாள். "இருக்கீங்களா மாஸ்டர்? நான் என்னத்த வாசிக்கிற?"

அவளைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க என்னால் முடிந்திராது. திரை இருந்ததால் சொன்னேன். உமக்கு இனி இங்கே புத்தகம் இல்லை பிள்ளை என்றேன். காரணம் கேட்பாள், அழுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்கவில்லை. விரல் தட்டுவதை மட்டும் நிறுத்தியது.

"பரவாயில்ல மாஸ்டர்," என்றாள் மெதுவாக. "நீங்க இல்லண்டுதான் சொல்லுவீங்களாம். இந்தப் புள்ள சொல்லிச்சு. அது எனக்கிட்ட ஒரு புத்தகம் தந்திருக்கி."

திரைக்கு அப்பால் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.