கறுப்பு வரிசையில் ஒரு ஆள் அதிகம்!

பிணம் அலறியது!

கடப்பாக்கம் கடற்கரை. காலை பதினொன்று இருபது. கழுத்தில் கறுப்பு அட்டையும் உடம்பின் மேல் வெள்ளைத் துணியுமாகப் படுத்திருந்த செங்கம்மாள், துணியை உதறிவிட்டு எழுந்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏ செங்கம்மா... நீ செத்து ஒரு மணி நேரம் ஆச்சு! பொணம் பேசக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"அடப் பாவிங்களா! நாதான்டா நடிக்கிறேன்... இந்தாளு நடிக்கல! நெசமாவே செத்துக் கெடக்குறாரு!"

சிரிப்பு நின்றது.

விஷயம் இதுதான். அன்று சுனாமி ஒத்திகை. மாநில அவசரநிலை முகமை வருடா வருடம் நடத்துகிற கூத்து. காயம் பட்டவர்களாக நடிப்பவர்களுக்குச் சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை. செத்தவர்களுக்குக் கறுப்பு. செத்துக் கிடக்க ஊரிலிருந்து பதினெட்டு பேரைப் பிடித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் என்று பேச்சு.

செங்கம்மாள் அரை மணி நேரமாகப் பக்கத்துப் பிணத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். மருமகளைத் திட்டினாள். வெயிலைத் திட்டினாள். பிரியாணியில் பீஸ் இருக்குமா என்று கேட்டாள். பதிலே இல்லை. 'அவ்ளோ திமிரா?' என்று துணியை விலக்கினாள்...

எண்ணிப் பார்த்தார்கள்.

கறுப்பு வரிசையில் பத்தொன்பது பேர்!

பத்தொன்பதாவது ஆள், முகமையின் இயக்குநர் சின்னராசு.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த செங்கல்பட்டு இன்ஸ்பெக்டர் சைனம்பு மணலில் மண்டியிட்டாள். பிணத்தின் கழுத்திலிருந்த அட்டைக் கயிற்றை விரலால் நகர்த்தினாள். அடியில் இன்னொரு தடம். அகலமாக, கன்றிப்போய்.

"ஸ்ட்ரெச்சர் பெல்ட்டுங்க மேடம்," என்றார் ஒத்திகைக்கு வந்திருந்த டாக்டர். "கழுத்த இறுக்கியிருக்காங்க. உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப பத்தரைக்கு முன்னாடி..."

"ஆமா."

"பத்து இருபதுக்கு அஞ்சு நிமிஷம் சைரன் ஊதுனாங்க. கத்தியிருந்தாலும் எவன் காதுலயும் விழுந்திருக்காது. சரியான நேரம் பாத்துதான் பண்ணியிருக்கான் கம்மனாட்டி!"

கான்ஸ்டபிள் சாம் இரண்டு தொண்டர்களை இழுத்து வந்தான்.

"மேடம், இவனுங்கதான் பாடிய தூக்கினு வந்தவனுங்க."

"எங்கேருந்துடா?"

"மூணாம் ஆம்புலன்ஸ் பின்னாடி, சவுக்குத் தோப்புலேருந்து மேடம். துணி போத்தி, அட்ட மாட்டி ரெடியா கெடந்துச்சு. வயர்லெஸ் அக்காதான் தூக்கினு வரச் சொன்னாங்க."

"மூஞ்சியப் பாக்கலியா?"

"துணிய எடுக்கக் கூடாதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க மேடம்..."

முந்நூறு பேர் பார்க்க, பட்டப்பகலில், அரசாங்கச் செலவில் ஒரு கொலைகாரன் பிணத்தை அப்புறப்படுத்தியிருந்தான்!

"யார்ரா அந்த வயர்லெஸ் அக்கா?"

கட்டுப்பாட்டுக் கூடாரத்துக்குள் சைனம்பு நுழைந்தபோது அங்கே வேறொரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

முகமையில் இயக்குநருக்குக் கீழே இரண்டு தலைகள். மீட்புப் பிரிவைப் பார்க்கிற கூடுதல் இயக்குநர் பிரவின்குமார். திட்டப் பிரிவைப் பார்க்கிற இணை இயக்குநர் பிரபா என்கிற பெண்மணி. இவர் கிழக்கு என்றால் அவர் மேற்கு. இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்ததாகக்கூட வரலாறு இல்லை.

"சீனியர் நான்! டைரக்டர் இல்லன்னா பொறுப்பு என்கிட்டதான் வரும். நீங்க கெளம்பலாம் பிரபா!"

"பாடி இன்னும் ஜி.எச்.சுக்கே போகல சார்... அதுக்குள்ள நாற்காலிக்குத் துண்டு போட்டாச்சா?"

"வாய அடக்கிப் பேசுங்க!"

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" சைனம்பு போட்ட சத்தத்தில் இருவரும் வாயை மூடினார்கள்.

மூலையில், வயர்லெஸ் செட்டின் முன்னால் ஒருத்தி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெலன். முப்பத்திரண்டு வயது. அப்பா அம்மா ஊரார் வயலில் கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த பெண். அந்தக் குடும்பத்தின் முதல் அரசாங்க உத்தியோகம் அவளுடையது.

பிரவின்குமார் அவளை நோக்கி விரலை நீட்டினார்.

"இன்ஸ்பெக்டர், மொதல்ல இவள உள்ள தள்ளுங்க. பாடிய கறுப்பு வரிசைக்குத் தூக்கச் சொன்னதே இவதான்!"

"ஐயோ... சார்தான் சொன்னாரு மேடம்!" ஹெலன் எழுந்து நின்றாள். "டைரக்டர் சார்! பத்து நாப்பதுக்கு செட்ல வந்தாரு."

"பத்து நாப்பதுக்கு உங்க சார் உசுரோடவே இல்லம்மா."

ஹெலனின் முகம் வெளுத்துப்போயிற்று.

"குரல் அவரோடதுதானா?" என்றாள் சைனம்பு.

"காத்து மேடம்... கரகரன்னு இருந்துச்சு. மூக்க மூடிகினு பேசுனா மாதிரி... சாருக்கு ஜலதோஷமோன்னு நெனச்சேன்..."

"கேட்டுக்கங்க! செத்தவன் பேசுனானாம்!" பிரவின்குமார் சிரித்தார். "போன மாசம் சின்னராசு இவளுக்கு மெமோ குடுத்தாரு. லாக் புக்ல தப்பா எழுதுனதுக்கு. அந்தக் கடுப்புல எவன்கூடவோ கூட்டு சேந்து முடிச்சிட்டா. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"பொய்யி மேடம்! மெமோ வாங்குனது நெசந்தான். அன்னிலேருந்து காதுல இன்னா வுழுதோ அத அப்டியே எழுதறேன். ஒரு எழுத்து மாத்தறதில்ல." ஹெலன் உடைந்து அழுதாள். "வேல போனாக்கூடப் பொழச்சுப்பேன் மேடம்... கொலகாரின்றாரே! நாளைக்கு எம் பொண்ணு எந்த மூஞ்ச வெச்சுகினு ஸ்கூலுக்குப் போவும்?"

சைனம்புவுக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தை வைத்துக் கேஸ் எழுத முடியாது. உத்தரவு வந்ததற்கு சாட்சி இல்லை. தூக்கச் சொன்னது ஹெலன். இந்த நிமிடத்தில் விலங்கு போடவேண்டிய கை ஹெலனின் கைதான்.

"இந்த செட்டுல யார் யார் பேச முடியும்?"

"ஆபீசர் சேனல் மேடம். மூணே பேரு. டைரக்டர் சார், பிரவின்குமார் சார், பிரபா மேடம்."

சைனம்பு திரும்பினாள். "பிரபா மேடம், நீங்க எங்க இருந்தீங்க?"

"எட்டு மணி மீட்டிங்லேருந்து இங்கதான். பத்தேகாலுக்கு மேல ஸ்கூல் பக்கம். மைக்ல கத்திகிட்டே புள்ளைங்கள வெளிய அனுப்பிகிட்டிருந்தேன். செட்ட ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"அந்தக் கூட்டத்துல யாரு யாரப் பாத்தாங்க?"

"நீங்க சார்?"

பிரவின்குமார் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் இங்க வந்ததே பத்தே முக்காலுக்கு! அணுபுரத்துலேருந்து நானே கார ஓட்டிகிட்டு நேரா வந்தேன். காலைல மீட்டிங்குக்கே நான் வரல."

"ஏன்?"

"அந்தாளு கூட்டுற மீட்டிங்குக்கு ரெண்டு வருஷமா நான் போறதில்ல. வேணும்னா கையெழுத்து நோட்டப் பாருங்க. என் பேரே இருக்காது!"

"அவ்ளோ கோவமா?"

"கொள்கை!"

சாம் கையெழுத்து நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினான். கையெழுத்து இல்லை. மீட்டிங்குக்கு அவர் வராதது உண்மைதான்.

சைனம்பு லாக் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அன்றைய பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள். கண்கள் ஒரு வரியில் நின்றன. மறுபடி மேலே போனாள். மறுபடி கீழே வந்தாள்.

"ஹெலன்... பத்து நாப்பதுக்கு எழுதியிருக்கியே, அத சத்தமாப் படி."

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெத்திலி, நெத்திலி... சுறா பேசறேன். மூணாம் ஆம்புலன்ஸ் பின்னாடி தோப்புல ஒரு பாடி. கறுப்பு வரிசைக்கு அனுப்பு. ஓவர்..."

"நெத்திலி யாரு?"

"நாந்தான் மேடம். செட்டுல எல்லாருக்கும் ஒரு மீன் பேரு."

"சுறா?"

"டைரக்டர் சார் மேடம். எட்டு வருசமா அதான்... ஐயோ!"

ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரபாவும் சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன ஐயோ? சொல்லித் தொலை!"

"காத்தால மீட்டிங்ல சாரு பேர மாத்திட்டாரு மேடம்! போன தபா ஒத்திகைல 'சுறா கரைக்கு வருது'ன்னு செட்டு அலறிச்சு. அதக் கேட்டுகினு, குளிச்சுகினு இருந்த டூரிஸ்ட்டுங்க வுழுந்தடிச்சு ஓடி ரெண்டு பேருக்குக் கால் ஒடிஞ்சுது. அதான் இன்னிலேருந்து சாரு பேரு 'வஞ்சிரம்'! நா பழக்கத்துல கவனிக்கல... காதுல வுழுந்தத அப்டியே எழுதிட்டேன்..."

சைனம்பு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"மீட்டிங் முடிஞ்சதுலேருந்து பதினோரு எடத்துல வஞ்சிரம், வஞ்சிரம், வஞ்சிரம். பத்து நாப்பதுக்கு மட்டும் சுறா!"

"அதனால என்ன?" பிரவின்குமாரின் குரலில் லேசாகப் பிசிறு. "அவளே கப்சா எழுதி வெச்சிருக்கா!"

"கப்சா விடுறவ வஞ்சிரம்னு எழுதியிருப்பா சார். மீட்டிங்ல இருந்தவ. பிரபா மேடம் பேசியிருந்தாலும் வஞ்சிரம்னுதான் சொல்லியிருப்பாங்க. அவங்களும் மீட்டிங்ல இருந்தாங்க. டைரக்டரோட பேரு மாறுனது தெரியாம, கையில செட்டும் வெச்சிருந்த ஆளு ஒருத்தர்தான். கொள்கைக்காக மீட்டிங்குக்கு வராதவரு!"

பிரவின்குமார் வாசலைப் பார்த்தார்.

ஓடினார்!

கூடாரத்துத் துணியைக் கிழித்துக்கொண்டு மணலில் பாய்ந்தார்.

"சாம்! வுடாத... புடி!"

சாமுக்கு வேலையே இருக்கவில்லை. கறுப்பு அட்டை மாட்டிய பதினெட்டு பிணங்களும் எழுந்து வந்து குறுக்கே நின்றன. செங்கம்மாள் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எங்க பிரியாணில மண்ணப் போட்டவன் நீதானா? ஓடுறியா, ஓடு பாப்போம்!"

இரண்டு அறை விழுந்ததும் பிரவின்குமார் மணலில் உட்கார்ந்தார். உண்மை தானாக வந்தது.

"ஆமா... நான்தான்! பத்து மணிக்கே தோப்புல கார நிறுத்திட்டேன். பத்து நாப்பது வரைக்கும் செட்ட ஆன் பண்ணவே இல்ல. தனியாப் பேசணும்னு ஃபோன் பண்ணேன், வந்தான். எட்டு புயல்ல இடுப்பளவு தண்ணில நின்னவன் நான். டிவில பேசுனவன் அவன்! கடைசில என்னையே வேலைய விட்டுத் தூக்கக் கோட்டைக்கு எழுதிட்டான்!"

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல ஒருத்தன் நேத்து அந்த லெட்டர ஃபோட்டோ எடுத்து அனுப்புனான். என் ஃபோன்ல இருக்கு. நீங்களே பாருங்க!"

சைனம்பு செல்போனை வாங்கிப் படித்தாள். பக்கத்தின் கடைசி வரி அதுதான்.

'...திரு. பிரவின்குமார் அவர்களைக் கூடுதல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விடுவித்து,'

எட்டிப் பார்த்த பிரபா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட கடவுளே... சார், இது மொத பக்கம்! ரெண்டாம் பக்கம் ஒண்ணு இருக்கு!"

கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"மீட்டிங் முடிஞ்சதும் என்கிட்டதான் குடுத்தாரு. இன்னிக்குக் கோட்டைல சேக்கச் சொன்னாரு. இத அனுப்பாதீங்கன்னு நான் அவர்கிட்ட சண்டகூடப் போட்டேன்."

சைனம்பு கவரைப் பிரித்து, இரண்டாம் பக்கத்தை உரக்கப் படித்தாள்.

"'முகமையின் இயக்குநராக நியமிக்குமாறு பரிந்துரைக்கிறேன். நான் இம்மாதத்துடன் விருப்ப ஓய்வு பெறுகிறேன். அவருக்கும் எனக்கும் ஆகாது. ஆனால் புயலடிக்கும்போது கரையை விட்டு நகராத அதிகாரி அவர் ஒருவர்தான்.'"

"விடுவித்துன்னு... முடிஞ்சிருந்துச்சே..." பிரவின்குமாரின் உதடுகள் கோணின.

"எங்க முடிஞ்சிச்சு? கமா போட்டிருக்கு சார். கண்ணு தெரியல?" என்றாள் சைனம்பு.

ஹெலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இப்போது அவள் நடுங்கவில்லை. "அவரு உனக்கு நல்லதுதான்யா எழுதிகீறாரு... அவரயும் கொன்னுட்டு எந்தலையிலயும் பழியப் போடப் பாத்தியே! நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மகளுக்கு ஃபோன் செய்யப் போய்விட்டாள்.

சாம் விலங்கை மாட்டினான். பிரவின்குமார் அந்தக் காகிதத்தையே வெறித்தார்.

"அப்ப... அந்த நாற்காலி எனக்குத்தானா? சீனியாரிட்டிப்படி நான்தான அடுத்தது?"

சைனம்பு ஜீப் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க சார். ஜெயில்லயும் சீனியாரிட்டி பாப்பாங்க... புதுசா வர்றவருக்கு கக்கூஸ் பக்கத்துலதான் எடம்!"