எதிர்வீட்டுக் கூரை

ஏணி சரிந்து விழுந்த சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது...

குடியிருப்போர் சங்கத் தலைவரின் மகள் அவள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கால்நடை டாக்டர், கூரையில் சோலார் பேனல் போட அனுமதி கேட்டிருந்தார். பேனலில் பட்டுத் தெறிக்கும் வெயில் எந்த வீட்டு ஜன்னலிலும் அடிக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால், அளந்து பார்க்க அவள் ஏறியிருந்தாள். இப்போது மேலே அவளும், தொப்பி போட்ட பேனல்காரனும் மட்டும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒண்டிக்கொண்டார்கள்.

அவன் இமையில் ஒரு மழைத்துளி தயங்கி நின்றது... பிறகு விழுந்தது. இதையெல்லாம் நான் எதற்குப் பார்க்கிறேன்?

தடுமாற்றத்தை மறைக்க, வீட்டுக்காரரைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட எத்தனை சண்டை... சரியான முசுடு போல அந்த டாக்டர்."

"ஆமாங்க, கொஞ்சம் முசுடுதான். நானே பார்த்திருக்கேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் பூனையும் கையுமாக வந்த ஒரு பெண் கீழேயிருந்து கேட்டாள்: "டாக்டர், மழையில அங்க என்ன பண்றீங்க?"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான்தான் அந்த டாக்டர்னு சொல்லியிருப்பேன்... நீங்க சிரிச்சீங்களா, மனசு வரல," என்றான் அவன்.

பூனைக்காரி ஏணியை நிமிர்த்தியதும் அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். என்னை வைத்து வேடிக்கை பார்த்துவிட்டானே...

செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். ஜன்னலோர மேசையில், பகல் வெளிச்சத்தில்தான் பல்லின் நிறம் பார்த்துச் சேர்க்க முடியும். குனிந்த தலை நிமிராத வேலை. அதனால்தான் எதிர்வீட்டுக்காரனின் முகம்கூட அவளுக்குத் தெரியாமல் போனது. தெருப்பக்கக் கூரையில் பேனல் வந்தால் காலை முழுக்கக் கண் கூசும். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். அப்பா அனுமதி கிடையாது என்றுவிட்டார்.

சொன்னது உண்மைதானே? பிறகு ஏன் சோறு இறங்கவில்லை? கரண்டு போகும்போதெல்லாம் அவனுடைய ஃபிரிட்ஜில் தடுப்பூசி மருந்து கெட்டுப்போகிறது என்று பூனைக்காரி சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கோபமா, பாவமா, வேறு ஏதாவதா... அன்று ஒரே ஆளுக்கு மேல்பல் ஒரு நிறம், கீழ்ப்பல் ஒரு நிறமாகச் செய்துவைத்தாள்.

சங்கக் கூட்டத்தில் எல்லாரும் சண்டையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து, பேனலைப் பின்பக்கச் சரிவில் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அங்கே வெயில் குறைவு, கரண்டும் குறையுமே என்று யாரோ கேட்டதற்கு, பரவாயில்லை, மருந்து ஃபிரிட்ஜுக்கு அது போதும் என்றான். வாதாடத் தயாராக வந்திருந்த அப்பா, சரி என்று தலையாட்டினார்.

அவளுக்குக் குழப்பம் இரண்டு மடங்கானது. வாசலில் அவனை நிறுத்தினாள்.

"சங்கத்து விதிக்குப் பயந்துட்டீங்களா?"

"விதிக்கா? அதை மாத்தச் சொல்லி உங்கப்பாகூட இன்னும் சண்டை போட்டிருப்பேனே."

"அப்புறம் ஏன்...?"

அவன் தொப்பியைக் கழற்றினான். திரும்பப் போட்டுக்கொண்டான்.

"கண்ணு கூசினா ஜன்னலைச் சாத்திடுவீங்க. காலையில உங்களை அங்க பார்த்தாத்தான் எனக்கு அன்னைக்கு வேலையே ஓடுது... பிடிச்சிருக்குங்க, உங்களை."

உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. இப்போது ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது, ஆனாலும் நின்றாள்...

"எனக்கும்தான்," என்றாள் தரையைப் பார்த்து. "எப்போ, எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியல... அப்பாகிட்ட நீங்களே வந்து பேசுங்க. இந்தத் தடவையாவது சண்டை போடாம."