இருபத்திரண்டு நொடி முந்தி வந்த கோல்

அண்ணன் எனக்கு வைத்த பட்டப்பெயர் உடும்பு. பிடித்தால் விட மாட்டேனாம். அதில் என்ன தப்பு? பாதியில் விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?

அண்ணன் பள்ளி அணியின் கோல் கீப்பர். பெனால்டி அடிக்க வருகிறவனின் காலைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். போன மாதம் ஒரு போட்டியில் மட்டும் தப்பாகப் போயிற்று. பந்து வலது பக்கம் போனது, அண்ணன் இடது பக்கம் பாய்ந்து கம்பத்தில் மோதினான். தொடையிலிருந்து பாதம்வரை பெரிய பிளாஸ்டர் போட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கால் உடைந்ததற்குக்கூட அவன் அழவில்லை. "கணிப்பு தப்பாயிடுச்சேடி" என்றுதான் புலம்பினான்.

நல்லவேளையாக உலகக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. "எல்லா பெனால்டியும் பார்க்கப் போறேன். என் கண்ணு இன்னும் சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்" என்றான். ஹாலில் இருந்த கட்டிலை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டோம். அம்மா மூன்று தலையணைகளைக் காலுக்கு அடியில் வைத்தாள்.

முதல் நாள் மாலை, முதல் ஆட்டம். அரை மணி நேரத்திலேயே ஒரு பெனால்டி. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அடிக்கப் போகிறவன் பந்தைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கோ...ஓ...ஓ...ல்!"

கூரையே இடிந்து விழுந்ததோ என்று நினைத்தேன். மாடி வீட்டு அத்தை! பஸ் கண்டக்டர் அத்தைக்கு விசிலே தேவையில்லை. ஒரு தடவை "ரைட்" என்றால் பின்னால் வரும் பஸ்ஸும் கிளம்பிவிடும்.

எங்கள் டிவியில் அந்த ஆள் இன்னும் பந்தை வைத்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு நிமிர்ந்தான், ஓடினான், அடித்தான். கோல்.

அண்ணன் பழையபடி பின்னால் சாய்ந்துகொண்டான்.

விஷயம் இதுதான். மாடி வீட்டு டிவிக்கு மொட்டைமாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து படம் வருகிறது. எங்கள் டிவிக்கு இன்டர்நெட்டில் வருகிறது. அது ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆடி அசைந்து வந்து சேரும். அதற்குள் மாடியில் எல்லாம் முடிந்துவிடும்.

அன்றைக்கு மூன்று கோல். மூன்றும் முதலில் கூரை வழியாகத்தான் வந்தன. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், கதவைச் சாத்திப் பார்த்தேன். அத்தை குரலுக்குக் கதவாவது ஒன்றாவது!

"விடையைச் சொல்லிட்டு அப்புறம் கேள்வி கேட்டா எப்படிடி?" என்று அண்ணன் டிவியை அணைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அத்தையும் மாமாவும் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தார்கள். எங்கள் வாசலில் நின்று எதிர் சலூன்காரரோடு ஒரே பேச்சு.

"அந்த ரெண்டாவது கோலைப் பார்த்தீங்களா? அப்படியே வளைஞ்சு போச்சே!" என்றாள் அத்தை.

"வளையறதா? நான் கத்தரிக்கோலைக் கீழே போட்டுட்டேன் அக்கா. நல்லவேளை, காது தப்பிச்சுது" என்றார் சலூன்காரர் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்து.

"யாரு காது?" என்று மாமா கேட்டார்.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்ன கீப்பர் தம்பி, நீ என்ன சொல்றே? அந்த பெனால்டி எந்தப் பக்கம்னு கணிச்சியா?"

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்று பள்ளி விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அடடா, எங்க சத்தத்தாலயா? இவ்வளவுதானே கண்ணு! இன்னைக்கு வாயே திறக்க மாட்டோம். என்னங்க, கேட்டீங்களா?"

மாமா தலையாட்டினார். மாமாவுக்கு நூலகத்தில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களை "உஷ்" என்று அடக்கிவிட்டு, சேர்த்து வைத்த சத்தத்தை எல்லாம் வீட்டில் வந்து கொட்டுவார்.

அன்றைய ஆட்டத்துக்கு இருவரும் ஆளுக்கொரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோல் விழுந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

நான் கீழே வந்து அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி டிவியைப் போட வைத்தேன். இருபது நிமிடம் நிம்மதி. பிறகு மேலே 'டங்' என்று ஒரு சத்தம். யாரோ குதித்திருக்கிறார்கள். 'டமார்!' நாற்காலி விழுந்தது. தொடர்ந்து, தலையணைக்குள்ளிருந்து "ம்ம்ம்ம்ம்!"

"கோல்" என்றான் அண்ணன், உணர்ச்சியே இல்லாமல்.

கோல்தான்.

நான் விட்டேனா? மாடிப்படியின் நடுவில் போய் நின்றுகொண்டேன். மேலே அடுத்த "ம்ம்ம்" கேட்டதும் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று... கீழே எங்கள் டிவியில் கூட்டம் ஆர்ப்பரித்தபோது இருபத்திரண்டு.

உள்ளே போனால் அண்ணன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு சாயங்காலம் கோச்சுக்கு போன் போட்டுக் கொடும்மா. வேற கீப்பரைப் பார்த்துக்கச் சொல்லிடறேன்."

"ஏம்ப்பா, பிளாஸ்டர் எடுத்துட்டா நீ விளையாடலாம்னுதானே சொல்லியிருக்காங்க?" என்றாள் அம்மா.

"கால் சரியாகும்மா. கண்ணு? எந்தப் பக்கம் பாயணும்னே தெரியாதவன் கோல்ல நின்னு என்ன பண்றது?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நாளை சாயங்காலம்! நாளைக்குத்தான் எங்கள் தெருவே கொண்டாடும் நீலச் சட்டை அணியின் முதல் ஆட்டம். அது முடிவதற்குள் அண்ணன் ஒரே ஒரு பெனால்டியையாவது தானாகக் கணித்தாக வேண்டும். பெனால்டி வருமா வராதா என்பது என் கையில் இல்லை. வந்தால் யாரும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது என் கையில் இருக்கிறது.

மறுபடியும் மாடிக்கு ஓடினேன்.

"அத்தை, எண்ணிப் பார்த்துட்டேன், எங்க டிவி இருபத்திரண்டு நொடி பின்னாடி வருது. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்து ஆட்டம் பாருங்க."

"உங்க டிவியிலயா? அது இருபத்திரண்டு நொடி பழசுன்னு நீதானே சொன்னே? பழைய கோலை நான் பார்க்கணுமா?"

"நமக்குத் தெரியாத வரைக்கும் அது புது கோல்தானே அத்தை?"

மாமா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "பாயிண்ட்" என்றார்.

அத்தை இறங்கி வருவதாக இல்லை. அவள் உட்கார்ந்திருந்த மர நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "கண்ணு, இதுல ஒரு ரகசியம் இருக்கு. இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் பார்த்த எந்த ஆட்டத்துலயும் நீலம் தோத்ததில்லை. ஒரு தடவை தண்ணி குடிக்க எழுந்தேன். அந்த ஒரு நிமிஷத்துல கோல் வாங்கிட்டாங்க!"

"அப்போ நாற்காலியும் வரட்டும்" என்றேன்.

அந்த நாற்காலி என்ன கனம்! மறுநாள் மாலை நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். படி திரும்பும் இடத்தில் அது வசமாக மாட்டிக்கொண்டது. அத்தை மேலே நின்று "ஹோல்டான்! கொஞ்சம் பின்னாடி வா! லெஃப்ட்ல ஒடி!" என்று பஸ்ஸைத் திருப்புவது போலவே திருப்பினாள். ஒரு வழியாக இறங்கியது. மாமாவின் சட்டையில் ஒரு பொத்தான் போயிற்று.

ஆட்டம் தொடங்கியது. கட்டிலில் அண்ணன், பக்கத்தில் நாற்காலியில் அத்தை, தரையில் நானும் மாமாவும். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். மாடியில் ஆளே இல்லை, சத்தமும் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினைந்தாவது நிமிடம். மைதானத்தின் நடுவில் பந்து சும்மா உருண்டுகொண்டிருந்தது.

"கோ...ல்!" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

சலூன்! அங்கேயும் டிஷ்தான். அதை எப்படி மறந்தேன்?

அத்தை ஜன்னலைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். எங்கள் டிவியில் நீலம் பந்தை வாங்கியது, ஓடியது, அடித்தது. கோல். அத்தை நாற்காலியை விட்டு அசையவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

"என் டீம் போட்ட கோல். ஆனா சந்தோஷமே வரலையே" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "தம்பி, ரெண்டு நாளா உனக்கு இதையா பண்ணினோம்?"

"பரவாயில்லை அத்தை."

"என்ன பரவாயில்லை? இருங்க, அந்த சலூன்காரரை ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்!"

"நீ எழுந்தா நீலம் கோல் வாங்கும்னு சொன்னியே" என்றார் மாமா. அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

நான் சலூனுக்கு ஓடினேன். உள்ளே பத்துப் பேர். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தார். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இவர்களை அடக்க என்னால் ஆகாது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

திரும்பி வந்து யோசித்தேன். ஆட்டம் ஓடியது, நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். இடையில் எதிரணி ஒரு கோல் போட்டது. அதையும் சலூன்தான் முதலில் சொன்னது, "அய்யய்யோ" என்று. ஒன்றுக்கு ஒன்று.

கடைசி நிமிடம். நடுவர் விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினார். நீலத்துக்கு எதிராகப் பெனால்டி!

அண்ணனின் கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. "உடும்பு, ஜன்னலைச் சாத்துடி" என்றான் மெதுவாக. சாத்தி என்ன பயன்? இன்னும் கொஞ்ச நேரத்தில் சலூன் கத்தும். "ஏ" என்றால் தடுத்துவிட்டார்கள், "அய்யோ" என்றால் கோல். அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று நாளாக எல்லாரையும் வாயை மூடச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அது வராது. வருவதைச் செய்யச் சொன்னால் என்ன?

"கத்துங்க!" என்று அலறினேன். "எல்லாரும் கத்துங்க! சலூன் சத்தம் உள்ள வரவே கூடாது! அவன் பந்தை அடிக்கிற வரைக்கும் நிறுத்தாதீங்க!"

"என்னன்னு கத்தறது?" என்றார் மாமா.

"வாயில வர்றதை!"

அத்தைக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மார்க்கெட்! ஆஸ்பத்திரி! பள்ளிக்கூடம்! இறங்குறவங்க எல்லாம் இறங்கு! படியில நிக்காதே, உள்ளே போ, உள்ளே போ!"

"அமைதி! தயவுசெய்து அமைதி!" என்று மாமா தொண்டை கிழியக் கத்தினார்.

"காலையில ஒண்ணு! ராத்திரி ஒண்ணு! சாப்பாட்டுக்கு அப்புறம்!" இது அம்மா. அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பதினேழாம் வாய்ப்பாடு. எது சரி, எது தப்பு என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சலூன் கத்தியதா, கத்தவில்லையா, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணன் மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. டிவியில் பெனால்டி அடிக்க வந்தவனின் இடது காலையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் இரண்டு அடி பின்னால் போனான். நின்றான். ஓடி வந்தான்.

"வலது!" என்று எங்கள் சத்தத்தையும் மீறிக் கத்தினான் அண்ணன். "வலது, கீழே!"

பந்து வலது பக்கம், தரையோடு ஒட்டிப் போனது. நீலச் சட்டை கீப்பரும் அதே பக்கம் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தள்ளினான்.

எல்லாரும் அண்ணனைத்தான் பார்த்தோம். அவன் கண் கலங்கியிருந்தது.

"சொன்னேன்ல" என்றான். "அடிக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன்ல!"

"சொன்னே தம்பி, சொன்னே!" என்று அத்தை நாற்காலியை விட்டுக் குதித்து அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பதே அவளுக்கு நினைவில்லை. அதற்காக நீலம் ஒன்றும் தோற்றுவிடவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது.

அம்மா கைப்பேசியை எடுத்து வந்து அண்ணன் முன்னால் நீட்டினாள். "கோச்சுகிட்ட பேசணும்னியே?"

எனக்குத் திக்கென்றது. அண்ணன் வாங்கி, எண்ணை அழுத்தினான்.

"சார், நான்தான் சார். பிளாஸ்டர் எடுக்க இன்னும் பதினெட்டு நாள்தான் சார். அதுவரைக்கும் என் இடத்தை யாருக்கும் கொடுத்துடாதீங்க!"

"சரிப்பா, கொடுக்கல. அதுக்கு ஏன்டா இப்படிக் கத்தறே?" என்று கோச் கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

நான் அண்ணனிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொண்டை மொத்தமாகக் கட்டிக்கொண்டிருந்தது.

"என்னது, உடும்புக்குக் குரலே வரலையா? அம்மா, இந்தப் போட்டியிலேயே பெரிய செய்தி இதுதான்!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பதிலுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனாலும் அவன் சிரித்து மூன்று நாள் ஆயிற்றே என்று, நானும் சத்தமே இல்லாமல் கூடவே சிரித்தேன்.